மோசமான கறி கிடைக்கும் ஹாஸ்டல்

பெற்ற மகளைப் பட்டினி போடுவதென்று சதக்கத்துல்லா முடிவு செய்தார். கோபத்தால் அல்ல, பாசத்தால்.

யாரும் பதற வேண்டாம். சதக்கத்துல்லாவுக்கு எதிரியைக்கூடப் பட்டினி போடத் தெரியாது. கீழக்கரையிலிருந்து கடல் தாண்டி மலாய் நாட்டுக்கு வந்து, கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டவர். கடை வாசலில் வழி கேட்டு நிற்பவனையும் உள்ளே இழுத்து உட்கார வைத்து, ஒரு ரொட்டி சானாய் போட்டு, “கறி எப்படி?” என்று கேட்பார். ‘பிரமாதம்’ என்றால் குறுக்கு வழி சொல்லி அனுப்புவார். ‘பரவாயில்லை’ என்றால் சுற்று வழி.

அப்படிப்பட்டவர் இப்படிப்பட்ட முடிவுக்கு வரக் காரணம், மகள் மஹ்ஜபீனுக்கு பார்மசி படிக்க இடம் கிடைத்ததுதான். காஜாங் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். செய்தி வந்த அன்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ இலவசம். லோரி டிரைவர்களை எல்லாம் நிறுத்தி, “என் மக மருந்து படிக்கப் போறா” என்று சொல்லிக் கை குலுக்கினார். மறுநாள் காலையில்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. காஜாங், கிள்ளானில் இல்லை.

கடையின் மூலை மேசை மஹ்ஜபீனுடையது. பள்ளி விட்டதும் யூனிபார்மோடு அங்கே வந்து உட்காருவாள். அன்றைய கறியை முதலில் அவள்தான் ருசி பார்ப்பாள். “உப்பு கம்மி வாப்பா” என்று அவள் சொன்னால் உப்பு விழும். வேறு யார் சொன்னாலும் விழாது. அந்த மேசையில் யாரோ ஒருத்தன் வந்து உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடுவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மனைவி சுலைகாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

“தினமும் வீட்டுலருந்தே போயிட்டு வரட்டுமே. ட்ரெயின் இருக்கு.”

“ட்ரெயின் இருக்கு. அது வரணும்ல?”

“நான் கார்ல கொண்டு விடுறேன்.”

“பெடரல் ஹைவே ஜாம்ல நீங்க கொண்டு போய்ச் சேக்குறதுக்குள்ள லெக்சரர் ரிட்டயர் ஆயிடுவாரு.”

“சீக்கிரமே கிளம்பினா?”

“சீக்கிரமே கிளம்பி, லேட்டா திரும்பி, அவ எப்பங்க படிக்கிறது?”

“கார்ல படிக்கலாமே.”

“எதை? முன்னாடி போற லோரி நம்பரையா?”

சதக்கத்துல்லா வாயைத் திறந்தார். சுலைகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அவ ஹாஸ்டல்லதான் இருப்பா. நானும் காலேஜுக்குப் போகணும்னுதான் ஆசைப்பட்டேன். ஹாஸ்டல் வேணும்னு கேக்குறதுக்குள்ள ஒங்கள கொண்டு வந்து நிறுத்திட்டாங்க.”

சதக்கத்துல்லா முதல் சுற்று முடிந்தது என்று ஒப்புக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்குத் தயாரானார்.

“சரி, ஹாஸ்டல்லயே இருக்கட்டும். ஆனா எந்த ஹாஸ்டல்ங்கிறத நான்தான் பாத்து முடிவு பண்ணுவேன்.”

“தாராளமா. நீங்கதானே அவளுக்கு வாப்பா” என்றாள் சுலைகா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

திட்டம் அந்த நிமிடமே அவர் மனதில் உருவாகிவிட்டது. பிறந்ததிலிருந்து சதக்கத்துல்லா கடைச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த நாக்கு மகளுடையது. அந்த நாக்கை ஒரு மோசமான கேன்டீனில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் முகம் சுளிக்கும். இரண்டாவது வாரம் அழும். மூன்றாவது வாரம் பெட்டி படுக்கையோடு கிள்ளானில் வந்து இறங்கும். சுலைகாவாலும் ஒன்றும் சொல்ல முடியாது. சாப்பிடாத பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தாய் உலகத்தில் உண்டா?

ஆக, நாட்டிலேயே மோசமான சாப்பாடு போடும் ஹாஸ்டலைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினார்.

பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு மூன்று ஹாஸ்டல்கள். மெலூர், மாவார், தெராத்தாய். மூன்றும் பூக்களின் பெயர்கள். புது மாணவிகளின் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன. மற்ற அப்பாக்கள் கட்டிலை ஆட்டிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள். வைபை கிடைக்கிறதா என்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சதக்கத்துல்லா நேரே கேன்டீனுக்குப் போனார்.

மெலூரில் நாசி லெமாக். ஒரு வாய் வைத்தார். சம்பலில் நெத்திலி மொறுமொறுவென்று இருந்தது, சோற்றில் பாண்டான் இலை மணத்தது. அவர் முகம் இருண்டது.

“இந்த ஹாஸ்டல் சரியில்ல” என்றார்.

“ரூமையே இன்னும் பாக்கலையே வாப்பா?” என்றாள் மஹ்ஜபீன்.

“பாக்க வேண்டியத பாத்துட்டேன்.”

மாவாரில் ஒரு மலாய் அம்மா புளிப்பும் காரமுமாக மீன் அசாம் பெடாஸ் வைத்திருந்தார். ஒரு தட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே தலையை ஆட்டினார்.

“இங்க மாடிப்படி ஜாஸ்தி.”

“லிப்ட் இருக்கு வாப்பா.”

“லிப்ட் கெட்டுப் போகும்லா.”

கடைசியாகத் தெராத்தாய். அங்கே கேன்டீனில் சஃப்வான் என்று ஒரு தமிழர் நின்றார். நாற்பது வயது இருக்கும். கரண்டியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே சதக்கத்துல்லாவுக்கு நம்பிக்கை பிறந்தது. கியர் போடுவதுபோல் பிடித்திருந்தார்.

கோழிக் கறி தட்டில் வந்தது. கோழி ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மசாலா வதங்கவே இல்லை, பச்சை வாசனை மூக்கைக் குத்தியது. தேங்காய்ப்பால் திரிந்து மிதந்தது. தட்டிலிருந்த மொத்த உப்பும் ஒரே ஒரு உருளைக்கிழங்கில் போய் உட்கார்ந்திருந்தது. சதக்கத்துல்லாவின் கண்கள் கலங்கின.

“என்னங்க, காரமா?” என்று கேட்டாள் சுலைகா.

“இல்ல, சந்தோஷம்.”

“கறி எப்படி boss?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டார் சஃப்வான்.

சதக்கத்துல்லா தன் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் சுலைகாவிடம். ஆனால் கறியைப் பற்றிப் பொய் சொன்னதே கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டார். “அருமை” என்றார்.

“அப்படியா! நீங்க எந்த ஊரு boss?”

“கிள்ளான். சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன்.”

சஃப்வான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கிள்ளான் கடைக்காரர் வாயால அருமைன்னு கேட்டுட்டேன். போதும்லா, இது போதும்.”

வெளியே வந்ததும் சதக்கத்துல்லா தீர்ப்பை அறிவித்தார். “தெராத்தாய்தான். காத்தோட்டம் நல்லா இருக்கு.”

சுலைகா கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

திருமணமான இத்தனை வருடத்தில் சுலைகா வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததே இல்லை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனிதர் வெற்றி மயக்கத்தில் இருந்தார்.

மஹ்ஜபீன் ஹாஸ்டலுக்குப் போன அன்று மூலை மேசையின் மேல் ‘ரிசர்வ்’ அட்டை வைத்தார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்.

“சாப்பாடு எப்படிம்மா இருக்கு?”

“அய்யோ வாப்பா, அத மட்டும் கேக்காதீங்க!”

போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்காமலே ஒரு முர்தாபாக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்தது. இடியாப்பமும் கோழிச் சால்னாவும் தயாராக இருந்தன. மஹ்ஜபீன் வரவில்லை. ஓரியன்டேஷன். அடுத்த வெள்ளி வந்தது. ஆட்டுக்கால் பாயாவே வைத்துவிட்டார். அப்போதும் அவள் வரவில்லை. லேப் ரிப்போர்ட் எழுத வேண்டுமாம்.

“பசிக்குமேம்மா?” என்றார் போனில், குரலில் முடிந்தவரை சர்க்கரை சேர்த்து.

“பிஸ்கட் சாப்பிட்டுக்கிறேன் வாப்பா.”

பிஸ்கட்! சதக்கத்துல்லாவின் மகா திட்டத்தில் பிஸ்கட்டுக்கு இடமே இருக்கவில்லை.

“என்ன, மொகம் தொங்கிப் போச்சு?” என்று கேட்டாள் சுலைகா.

“புள்ள சாப்பிடாம கெடக்குறா.”

“அப்ப ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். கடைய நான் பாத்துக்கிறேன்.”

“சோறு கட்டிக் குடு, கொண்டு போறேன்.”

“வேணாங்க. கட்டுச்சோறு கொண்டு போனா அந்தக் கேன்டீன்காரர் மனசு சங்கடப்படும். நீங்களும் அங்கேயே சாப்பிடுங்க.”

யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிதான். இங்கிருந்து சோறு போய்விட்டால் அவள் ஏன் வீட்டுக்கு வரப்போகிறாள்? தன்னையறியாமலே சுலைகா தன் திட்டத்துக்கு உதவுகிறாளே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

தெராத்தாயில் ஆண்களுக்குக் கேன்டீன் வரைதான் அனுமதி. சதக்கத்துல்லா ஒரு மேசையில் உட்கார்ந்து நிமிர்ந்தவர், அப்படியே உறைந்துபோனார். எதிரே சுவரில் பெரிய பலகை. சிவப்பு எழுத்தில், மலாயிலும் தமிழிலும்: ‘அசல் கிள்ளான் கறி! கிள்ளான் கடைக்காரரே பாராட்டியது!’

மஹ்ஜபீன் வந்தாள். கூடவே அறைத்தோழி வாணி, ஜொகூர்ப் பெண். மஹ்ஜபீன் கொஞ்சம் இளைத்திருந்தாள். ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. பேராசிரியரைப் பற்றி, லேபைப் பற்றி, ஏதேதோ மருந்துப் பெயர்களை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்தக் கறியைச் சோற்றில் பிசைந்து, கண்ணை மூடி, விழுங்கினாள். சதக்கத்துல்லாவுக்கு அந்தச் சோறு தன் தொண்டையில் இறங்குவதுபோல் இருந்தது.

“இந்த வாரம் வீட்டுக்கு வந்துடும்மா. நல்லா சாப்பிடலாம்.”

“திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு வாப்பா. சாப்பாடுதானே, பழகிப் போச்சு.”

பழகிப் போச்சா? அவர் நெஞ்சில் அந்த வார்த்தை குத்தியது. அழுது வருவாள் என்று பார்த்தால், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறாளே! பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தன் பிள்ளையின் வயிற்றோடு விளையாடிவிட்டோமே என்று அவர் கலங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாணி பலகையைக் காட்டி அப்பாவியாகக் கேட்டாள்.

“அங்கிள், கிள்ளான் கறின்னா இப்படித்தான் இருக்குமா? எங்க ஜொகூர்ல பரவாயில்லலா.”

சதக்கத்துல்லா எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. மகள் “வாப்பா, வேணாம்லா” என்று சொல்லி முடிப்பதற்குள் சமையல் கட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

“யாரு அது? அட, boss! வாங்க வாங்க, போர்டு பாத்தீங்களா?” என்றார் சஃப்வான்.

“பாத்தேன். சட்டிய எறக்குங்க.”

“ஏன் boss?”

“நீங்க இதுக்கு முன்னாடி என்ன வேல பாத்தீங்க?”

“போர்ட் கிள்ளான்ல கன்டெய்னர் லோரி ஓட்டினேன். கேன்டீன் எடுத்த மறுவாரமே குக் ஓடிப் போயிட்டாரு. என்ன செய்யிறது, நானே கறி வைக்கிறேன்.”

“கறி வைக்கல தம்பி நீங்க. கோழி மேல லோரி ஏத்தியிருக்கீங்க.”

“நீங்கதானே boss அருமைன்னு சொன்னீங்க?”

“அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்!”

சட்டைக் கையை மடித்தார். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கினார். மசாலாத் தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் மேலே வரும்வரை கிண்டினார். “இது மேல வர்ற வரைக்கும் சட்டிய விட்டு நகரக்கூடாது. யாரு கூப்பிட்டாலும் நகரக்கூடாது. பொண்டாட்டி கூப்பிட்டாலும்” என்றார். வாசனை மாடிக்குப் போனது. முதலில் ஒரு பெண் இறங்கி வந்தாள். பிறகு நாலு பேர். பிறகு படிக்கட்டு முழுக்கச் செருப்புச் சத்தம். வாணி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, “அங்கிள், ஜொகூர் தோத்துப் போச்சு” என்று ஒப்புக்கொண்டாள். அன்று கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜாம். சதக்கத்துல்லாவுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்த புதன்கிழமை சஃப்வானின் மீன் பொரியல் எப்படி இருக்கிறது என்று சும்மா எட்டிப் பார்க்கப் போனார். சனிக்கிழமை, தாளிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனார். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு போட்டால் நன்றாக இருக்குமே என்று யாரோ ஒரு பெண் சொல்லிவிட்டாள், அதற்காகவும் போனார். மெலூரிலிருந்தும் மாவாரிலிருந்தும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் அவர் ‘வாப்பா அங்கிள்’ ஆனார். மஹ்ஜபீன் பாடப் புத்தகத்தோடு கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, “உப்பு கம்மி வாப்பா” என்று சொன்னாள். உப்பு விழுந்தது. அவளுடைய கன்னமும் பழையபடி ஆனது.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் கடையில் ‘ரிசர்வ்’ அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. தான் ஒரு திட்டம் போட்டிருந்தோமே?

உடனே போன் செய்தார். “இந்த வெள்ளிக்கிழமையாவது வீட்டுக்கு வாம்மா.”

“எதுக்கு வாப்பா? நீங்கதான் இங்க வந்துடுவீங்கல்ல? அன்னிக்கு நெய்ச்சோறுலா! யாராவது விட்டுட்டு வருவாங்களா?”

சதக்கத்துல்லா கல்லாவைப் பார்த்தார். கல்லாவில் சுலைகா உட்கார்ந்திருந்தாள். அவர் இல்லாத நாட்களில் பழகி, இப்போது அவர் இருக்கும் நாட்களிலும் அவள்தான் அங்கே உட்காருகிறாள். கடையில் கூட்டம் கூடியிருந்ததே தவிர குறையவில்லை. எங்கேயோ எதுவோ இடித்தது. அன்று தெராத்தாய் வாசலில் அவள் மறுபேச்சே இல்லாமல் ஒத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“சுலைகா, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. தெராத்தாய்க்கு நீ முன்னாடியே போயிருக்கியா?”

“நானும் ஒங்க மகளும், நீங்க கூட்டிட்டுப் போனதுக்கு முந்தின வாரமே போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்தோம்” என்றாள் சுலைகா, தயங்காமல். “அங்கருந்து லேப் எதிர்த்த வாசல்தான். லைப்ரரி பக்கம். வார்டன் கண்டிப்பானவங்க. அவ மனசுக்கு அதான் பிடிச்சுது. கறி ஒண்ணுதான் கொற.”

“அத ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சிருப்பீங்க. எந்தக் கறி மோசமோ அதத்தான் தேடிப் போவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்களா தேடிக் கண்டுபிடிச்சதாலதானே காத்தோட்டம் நல்லா இருந்துச்சு?”

“பெத்த புள்ளைய மோசமான சாப்பாட்டுல விட ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“எத்தன நாளைக்கு மோசமா இருக்கும்? நீங்க போய் ஒரு வாய் திங்குற வரைக்கும்தானே? கெட்டுப் போன கறியப் பாத்துட்டு சும்மா திரும்பி வர்ற ஆளா நீங்க?”

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு கணவன் தன் கௌரவத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

“இனிமே நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்!”

“சரிங்க.”

“சத்தியமா போகமாட்டேன்!”

“சரின்னுதானே சொல்றேன். சஃப்வான் போன் பண்ணாரு. இன்னிக்கு மீன் கறி அவரே வைக்கிறாராம். புளி தீந்து போச்சாம். பரவாயில்ல, தக்காளி சாஸ் ஊத்திக்கிறேன்னு சொன்னாரு.”

சதக்கத்துல்லா துணியை எடுத்தார். ஒரு மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். தக்காளி சாஸ். மீன் கறியில். பலகையில் கிள்ளான் பெயர் வேறு. மெதுவாக மேசை இழுப்பறையைத் திறந்தார், சட்டைப் பையைத் தடவினார், ஆணியில் மாட்டியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்.

“என்ன தேடுறீங்க?” என்றாள் சுலைகா, தலையை நிமிர்த்தாமல்.

“ஒண்ணுமில்ல. என் கண்ணாடி.”

“கண்ணாடி மூக்குல இருக்கு. சாவி கார்ல இருக்கு. புளி பின் சீட்டுல இருக்கு.”